பூனை ஒன்றும் செய்யவில்லை

"நாய்க்கு ஒரு தடவை சொன்னாப் போதும், கேட்டுக்கும். எங்க வீட்டு லாமாப் பய ஒரு வருசமா கேக்க மாட்டேங்குறான்" என்றார் சவரிமுத்து.

பவளம் ஒரு லாமாவின் முன்னங்காலைத் தூக்கிப் பிடித்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

லாமா ஒட்டகத்துக்குப் பங்காளி முறை. திமில் கிடையாது. உடம்பெல்லாம் கம்பளி, கழுத்து நீளம், பார்வையில் மிதப்பு. பிடிக்காதவர் முகத்தில் துப்பும்.

கொடைக்கானல் மலையில் அதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். மன்னவனூருக்கு மேலே ஒரு புல்மேட்டில் யாரோ ஒரு பணக்காரர் ஆசைக்கு நாலைந்தைக் கொண்டுவந்து இறக்கினார். ஆசை தீர்ந்ததும் அவர் போய்விட்டார். பார்த்துக்கொள்ள வைத்த பவளம் போகவில்லை. இப்போது அவளிடம் ஒரு மந்தையே இருக்கிறது.

சவரிமுத்து அறுபதைத் தாண்டியவர். மலையில் உள்ள எஸ்டேட் நாய்களில் பாதி அவரிடம்தான் உட்காரவும் எழுந்திருக்கவும் படித்தன. தன் மகள் வயதுள்ள ஒரு பெண்ணிடம் பாடம் கேட்டு வந்து நிற்பது அவருக்கு லேசான காரியமில்லை. ஆனாலும் வந்துவிட்டார். விஷயம் அப்படி.

பூம்பாறைப் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் ஒரு லாமா குட்டி போட்ட கையோடு செத்துப்போனது. குட்டியைச் சால்வைக்குள் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தவர் சவரிமுத்து. மடியில் போட்டுப் புட்டியில் பால் புகட்டினார். அடுப்போரம் டைகர், ராணி என்ற இரண்டு நாய்களோடும், மனைவி பிலோமினாவின் பூனை மிட்டாயோடும் படுக்க வைத்தார். அந்த மிதப்பான பார்வைக்காக ஜமீன் என்று பெயர் வைத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். பழக்குகிற கை சும்மா இருக்குமா? பின்னங்காலில் எழுந்து நின்று, முன்னங்கால் இரண்டையும் மனிதர் தோளில் வைக்கப் பழக்கினார். நாய்க்குட்டிகளுக்கு அவர் முதலில் சொல்லித்தருவது அதுதான். பார்க்க வந்த ஊரெல்லாம் கை தட்டியது.

குட்டி வளர்ந்தது. வித்தையை மறக்கவில்லை.

போன மாதம் தண்ணீர்க் குடத்தோடு வந்த பிலோமினாவின் தோளில் ஜமீன் காலைப் போட்டான். அவள் கல்லில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தவள் சத்தம் போடவில்லை. நிதானமாக ஒன்று சொன்னாள். "கிறிஸ்துமஸுக்குள்ள நான் கேட்டுலேர்ந்து அடுப்படி வரைக்கும் கையில குச்சி இல்லாம நடக்கணும். முடியலேன்னா அவன் போகணும்."

போவதற்கு இடமும் அவள் தம்பி பார்த்துவிட்டான். ஏரிக்கரையில் ஒரு விடுதி. அங்கே கட்டிப்போட்டு, வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அதே இடத்தில் கட்டிக் கிடந்த குதிரையின் கண்ணைச் சவரிமுத்து ஒருமுறை பார்த்திருக்கிறார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"நான் அவனை விட மாட்டேன் தாயி. என்ன செய்யணுமோ சொல்லு, செய்யறேன்."

பவளம் நகம் வெட்டி முடித்துக் காலைக் கீழே விட்டாள்.

காயடித்தாயிற்றா என்று கேட்டாள். ஆயிற்று என்றார். வீட்டில் யார் யாரை இடித்திருக்கிறான் என்று கேட்டாள். அவர் தன்னில் தொடங்கி, பிலோமினா, தபால்காரர், கேஸ் கொண்டுவருகிறவர், இரண்டு நாய்கள் என்று சொல்லிக்கொண்டே போனார்.

"யாரை இடிக்கலை?"

சவரிமுத்து யோசித்தார். "பூனையை."

"அது மேல துப்புனதுண்டா?"

"இல்லையே. சில நாள் ரெண்டும் ஒண்ணாப் படுத்துக் கெடக்கும்."

"அப்ப இங்க எதுக்கு வந்தீங்க? அதுகிட்டக் கேளுங்கண்ணே."

சவரிமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது. கூப்பிட்டால் வராத பிராணியை அவர் பிராணிக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. மனைவிக்காக அதை வீட்டில் பொறுத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். விறுவிறுவென்று வேலியைத் தாண்டினார்.

பவளம் பின்னாலேயே வந்து இரண்டு செம்மறி ஆடுகளை அவர் ஜீப்பில் ஏற்றினாள். "இதுக அவனுக்குத் துணை. உங்களுக்கில்லை" என்றாள்.

மறுநாள் காலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பூனையைப் பார்க்க உட்கார்ந்தார். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், சொன்னதைச் செய்துவிடுகிற ஆள் அவர்.

மிட்டாய் முற்றத்துக்கு வந்தது. ஜமீனைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் விழுந்த இடத்தில் உட்கார்ந்து பாதத்தை நக்கியது. ஜமீன் வந்து மோந்து பார்த்தான். மிட்டாய் எழவில்லை, உரசவில்லை, உறுமவில்லை. ஜமீன் போய்விட்டான்.

அடுத்த நாளும் இதேதான். அதற்கடுத்த நாளும் இதேதான்.

மறுபடி மேட்டுக்கு ஏறினார்.

"பூனை ஒண்ணும் செய்யலை தாயி."

"நல்லாப் பாத்தீங்களா?"

"கண்ணு வலிக்கப் பாத்தேன். ஒண்ணுமே செய்யலை."

"அதைச் செய்யுங்க" என்றாள் பவளம்.

சொல்ல எளிது. சவரிமுத்து முற்றத்தின் நடுவில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். ஜமீன் வந்தான். கை தானாகப் போய் அவன் கழுத்தைச் சொறிந்தது. அடுத்த நொடி முன்னங்கால் இரண்டும் அவர் தோளில். வாளி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், சேற்றில்.

நாய்கள் குரைத்தன. மிட்டாய் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி பாதத்தை நக்கியது.

அவர் எழுந்து வாளியைக் கழுவி அதே இடத்தில் கவிழ்த்து உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து தினமும் கைகளைச் சால்வைக்குள் சேர்த்துக் கட்டிக்கொண்டார். அவன் எழும்பப் பார்த்தால் இவர் எழுந்து முதுகைக் காட்டி நடந்தார். திட்டவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அவன் நான்கு காலில் நின்றால் திரும்பி வந்து உட்கார்ந்தார். விழுந்த நாட்களும் உண்டு. ஒரு நாள் முகம் நிறையப் பச்சை எச்சில் வாங்கினார். குழாயடியில் கழுவிக்கொண்டு மறுபடி வந்து உட்கார்ந்தார்.

யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள் என்று பிலோமினா அடுப்படி ஜன்னலிலிருந்து சொன்னாள். சொல்லட்டும் என்றார்.

மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியது. ஜமீன் எழும்புவது குறைந்தது. பிறகு நின்றே போனது. பகலெல்லாம் செம்மறிகளோடு மேய்ந்தான். வாளியின் பக்கம் வருவதில்லை.

ஜெயித்தாயிற்று. ஆனாலும் சவரிமுத்து மூன்றாவது முறையாக மேட்டுக்குப் போனார்.

"அவன் என்கிட்ட வர்றதே இல்லை தாயி. நான் மடியில போட்டுப் பால் புகட்டுன பிள்ளை. இதுக்குப் பேரு பழக்கமா?"

பவளம் அவரை வேலியோரம் கூட்டிப்போய் ஒரு தாயையும் அதன் குட்டியையும் காட்டினாள். "தாய் குட்டியை நக்குதான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

வெயில் சாயும்வரை பார்த்தார். குட்டி ஓடியது, விழுந்தது, பால் குடித்தது, மறுபடி ஓடியது. தாய் ஒரு தடவைகூட நக்கவில்லை. அவ்வப்போது தலையை நிமிர்த்தி ம்ம் என்று முனகும். மறுபடி புல்லுக்குக் குனிந்துவிடும்.

பவளம் திரும்பி வந்தாள்.

"நக்கவே இல்லை" என்றார். "அதுக்குப் பாசம் கெடையாதா?"

"குட்டிகிட்டக் கேளுங்க."

அப்போது எங்கிருந்தோ ஒரு நாய் குரைத்தது. குட்டி தலைதெறிக்க ஓடி வந்து தாயின் வயிற்றடியில் நின்றுகொண்டது. தாய் புல்லைத் தின்றுகொண்டே இருந்தது.

சவரிமுத்து ஜீப்பை எடுத்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் பிலோமினாவின் தம்பி வேனோடு வந்தான். கையில் கயிறு. பிலோமினாவுக்கு மாவுக்கட்டு பிரித்தாயிற்று. நாய்களைக் கட்டச் சொன்னாள். கேட்டுக்கு வெளியே போய்த் திரும்பி நின்றாள்.

சவரிமுத்து வாளியில் உட்கார்ந்திருந்தார். கைகள் சால்வைக்குள்.

பிலோமினா குச்சியில்லாமல் உள்ளே காலெடுத்து வைத்தாள்.

செம்மறிகளுக்கு நடுவிலிருந்து ஜமீன் கழுத்தை நிமிர்த்தினான். காது முன்னே வந்தது. பிறகு நேராக அவளை நோக்கி நடந்தான்.

அவள் நின்றுவிட்டாள்.

எத்தனையோ நாய்களை உட்காரவைத்த அதட்டல் சவரிமுத்துவின் தொண்டைக்கு வந்தது. இப்போது அதட்டினால் இத்தனை நாளும் வீண். அதட்டாமல் விட்டு அவன் இடித்துவிட்டால் அவள் கை வீண், அவனும் போய்விடுவான். அதட்டலை விழுங்கிக்கொண்டார்.

பிலோமினா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு முற்றத்தின் நடுவே வெயில் காய்ந்துகொண்டிருந்த மிட்டாயைப் பார்த்தாள். முந்தானையைக் கைகளில் சுற்றிக்கொண்டாள். யாரையும் பார்க்காமல் நடந்தாள்.

ஜமீன் அவள் தோளை மோந்தான். முறிந்து கூடிய மணிக்கட்டை மோந்தான். நான்கு காலும் மண்ணிலேயே இருந்தன. அவள் போகட்டும் என்று ஒதுங்கி நின்றான்.

அவள் அடுப்படி வாசலை மிதித்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு தம்பியிடம் சொன்னாள்: "காப்பி குடிச்சிட்டுப் போடா. கயித்தை வண்டியிலயே வையி."

சவரிமுத்து எழுந்திருக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் காலடி கேட்டது. பிடரியில் வெதுவெதுப்பாக மூச்சு பட்டது. அவர் காதருகே ஜமீன் ம்ம் என்று முனகினான்.

கட்டியிருந்த கைகளைச் சால்வைக்குள்ளிருந்து எடுக்கவில்லை. கண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது.

காப்பியோடு வெளியே வந்த பிலோமினா அவரைப் பார்த்து நின்றாள்.

"ஏங்க, கண்ணைத் துடைங்க."

"துடைச்சாக் கை அசையும்" என்றார்.