தூளியில் கிடந்த தண்ணீர்

மந்தங்குடியில் புத்திக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே அது வேண்டிய மட்டும் இருந்தது. யாரும் எடுத்துச் செலவழிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர்ச் சாத்தையனுக்கு நாற்பது வயது. பதினோரு இடத்தில் பெண் பார்த்து, பதினொன்றும் தட்டிப்போயிற்று. பன்னிரண்டாவது இடத்தில், பெண்ணின் தாயார் ஒச்சம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"கொசு கடிக்கிற ஊருக்கு எம் பொண்ணக் குடுக்க மாட்டேன். அசையாம நிக்கிற தண்ணியிலதான் அது முட்டை போடும். ஒரு சொட்டுகூட நிக்கப்புடாது. வெள்ளிக்கிழமை வந்து பாப்பேன்."

சாத்தையன் ஓட்டமாய் ஓடிவந்து ஊரைக் கூட்டினான். ஊர்த் தலைவரான அம்பலக்காரர் வெகுநேரம் யோசித்தார்.

"குடத்துத் தண்ணி நிக்குதா?"

"நிக்குதுங்க."

"அப்ப ஆட்டணும். ஆட்டுறதுக்குன்னே வீட்டுக்கு வீடு தூளி கட்டியிருக்கே!"

பிள்ளைகளை இறக்கிப் பாயில் போட்டார்கள். குடங்களைத் தூளியில் ஏற்றினார்கள். பிள்ளைகள் வீறிட்டு அழ, பெண்கள் குடத்துக்குத் தாலாட்டுப் பாடினார்கள்.

சாத்தையனின் கூட்டாளி கூளையன் பதறிப்போனான். "நிறுத்துங்க! பாட்டுக் கேட்டுத் தண்ணி தூங்கிருச்சுன்னா அசையாதே!"

நியாயம்தான் என்று எல்லாருக்கும் பட்டது. அதற்குப்பின் தண்ணீர் கண்ணயராதபடி, வாய்க்கு வந்ததைச் சொல்லி வைதுகொண்டே ஆட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை ஒச்சம்மாள் வந்தாள். விருந்தாளிக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதுதானே முறை? கூளையன் செம்போடு வந்தான். ஆனால் நிற்கவில்லை, அவளைக் கடந்து போய்க்கொண்டே இருந்தான். மூன்று தெரு துரத்தி, செம்பைப் பிடுங்கிக் குடித்துவிட்டு, வேப்பமரத்தடியில் அப்பாடா என்று உட்கார்ந்தாள் அவள்.

சாத்தையன் அவள் கையைப் பிடித்துத் தூக்கினான். "அத்தே, உக்காராதீங்க! குடிச்ச தண்ணி உள்ள நின்னுரும்!"

"ஆத்தாடி!" என்றார் அம்பலக்காரர். "வயித்துக்குள்ள முட்டை போட்டா?"

"வாயத் தொறக்கையில எல்லாம் கொசு வரும்," என்றான் கூளையன்.

"அப்ப வாய மூடிக்கிறச் சொல்லு."

"மாமியாரையா? எந்த ஊர்ல நடந்திருக்கு?"

வேறு வழி? நாலு சேலையை முறுக்கி வேப்பங்கிளையில் பெரிய தூளி கட்டி, ஒச்சம்மாளை அள்ளிப்போட்டு ஆட்டினார்கள்.

"எறக்குங்கடா பாவிகளா!"

அவள் கத்தக் கத்த, சாத்தையன் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆட்டினான். பன்னிரண்டும் போச்சு. ஆனாலும் அத்தை நன்றாக இருக்கட்டும்.

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. மழை விட்டபோது தெருவெல்லாம் குட்டை.

அம்பலக்காரர் தலையில் கைவைத்தார். "ஊரையே தூளியில போடணும்னா எத்தனை சேலை வேணும்?"

பெண்கள் எண்ணத் தொடங்கினார்கள்.

நனைந்த தூளிக்குள்ளிருந்து ஒச்சம்மாள் தலையை நீட்டினாள். அவள் முன்னே போனால் குட்டைகள் பின்னே போயின. பின்னே வந்தால் முன்னே வந்தன. கத்தல் நின்றது. வெகுநேரம் பார்த்தாள். சாத்தையன் விடாமல் ஆட்டினான்.

"மாப்ளே," என்றாள் ஒச்சம்மாள். "கண்ணுக்கெட்டுன தூரம் ஒரு சொட்டுகூட நிக்கல. எல்லாம் போயிப் போயி வருது. எம் பொண்ணக் குடுத்தேன்!"

அம்பலக்காரர் வெற்றிலைத் தட்டோடு ஓடிவந்தார். "எறங்குங்க சம்பந்தியம்மா, தாம்பூலம் மாத்திக்கிருவோம்."

"எறக்கிப்புடாதீங்கய்யா!" என்று அலறினாள் அவள். "நான் எறங்குனா அம்புட்டுத் தண்ணியும் நின்னுரும்!"