கொதிகஞ்சி ஊற்றிய காம்பு

கேளுங்கள், பிள்ளைகளே, பெரியவர்களே! காவிரி இரு கரையும் தொட்டு ஓடின காலத்தில், பெருவழியோரம் ஒரு சத்திரம் இருந்தது. அங்கே சமையல் வெள்ளையம்மாளுடையது.

ஒருநாள் பசியோடு வந்த வடநாட்டு வணிகன் ஒருவன், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ஈரத்துணியில் சுற்றிய புதினாக் காம்பு ஒன்றை அவளிடம் கொடுத்தான். "நட்டு வைங்கம்மா, நாலு பேருக்கும் கொடுங்க" என்றான். அந்த ஊரார் அதுவரை கண்டிராத இலை அது.

நட்டாள், தழைத்தது. துவையல் அரைத்தாள். அடேயப்பா, என்ன மணம்! அதற்காகவே வழிப்போக்கர்கள் ஒருநாள் கூடுதலாகத் தங்கினார்கள். வெள்ளையம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை.

குயவர் வீட்டு மாரக்காள் ஒரு காம்பு கேட்டாள். "அது உங்க மண்ணுக்கு வராதுடி" என்றாள். கோயிலுக்குப் பூக்கட்டும் பண்டாரம் கேட்டார். "வேர் பிடிக்காது சாமி" என்றாள். பெற்ற மகள் பூவாயி, கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் புறப்படும்போது கேட்டாள். "உன் மாமியார் கையில கிடைச்சா ஊரெல்லாம் பரப்பிடுவாளே!" என்று அவளையும் வெறுங்கையோடு அனுப்பினாள்.

அதோடு விட்டாளா? புதினாக் காம்பைக் கிள்ளி ஊன்றினாலே பிழைத்துக்கொள்ளும். யாராவது பொறுக்கிப்போய் நட்டுவிட்டால்? இலை ஆய்ந்த காம்புகளைக் கொல்லையில் குவித்து, சோறு வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க அதன்மேல் ஊற்றுவாள்.

மறு வருஷம் பூவாயி மசக்கையோடு தாய்வீடு வந்தாள். பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. "அம்மா, உன் துவையல் இருந்தா ரெண்டு வாய் இறங்கும்" என்றாள். பதறிப்போய், இருந்த கொழுந்தையெல்லாம் கிள்ளி அரைத்தாள் தாய். மகள் சாப்பிட்டாள், சாப்பிட்டது தங்கியது. அந்தச் சந்தோஷத்தில், பழகின கை கொதிக்கிற அண்டாக் கஞ்சி முழுவதையும் காம்புக் குவியலில் கவிழ்த்தது. கஞ்சி வழிந்து பக்கத்துப் புதினாப் பாத்திக்குள் இறங்கியதை அவள் பார்க்கவே இல்லை.

மறுநாள், மகளுக்கு மறுபடி அரைக்கத் துளிர் இருக்கிறதா என்று பார்க்கப் போனாள். வேரெல்லாம் வெந்து கிடந்தது.

மாரக்காளிடம் ஓடினாள். பண்டாரத்திடம் ஓடினாள். இருந்தால் கொடுக்காத ஆட்களா அவர்கள்? இல்லையே, பாவம்!

படுத்துக்கிடந்த பூவாயி மெல்லச் சொன்னாள்: "அன்னிக்கு எனக்கு ஒரு காம்பு கொடுத்திருந்தா, இன்னிக்கு நானே ஒரு கட்டு கொண்டுவந்திருப்பேனேம்மா."

வெள்ளையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மகள் ஆசை தீராமலே, ஒட்டிய கன்னத்தோடு திரும்பிப்போனாள். ஊரே புகழ்ந்த கை, மசக்கைக்காரிக்கு மறுபடி ஒரு வாய்த் துவையல் கொடுக்க முடியாத கையாகிவிட்டது. அந்த வருத்தம் சாகும்வரை அவளை விடவில்லை.

பிறருக்குக் கொடுத்து வைத்ததுதான் நமக்கு மிஞ்சும். ஒளித்து வைத்தது நம் கையாலேயே அழியும்.