நிழல் கேண்டீனுக்குப் போன நேரம்

பங்குனிக் கடைசி வாரம். பகல் பன்னிரண்டரை மணி. கடலோரக் கருமணல்விளையில், மணல் ஆலையின் ஓய்வறைக்குள், தொபியாஸ் அண்ணன் வாயைத் திறந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நின்றாள் பிரகாசி.

ஆலைக்கு ஒரு விதி உண்டு. தாதுமணல் ஒரு சிட்டிகைகூட வெளியே போகக் கூடாது. ஆகவே வேலை முடிந்தவர்கள் வாசலில் வெறுங்காலோடு வரிசையாக நிற்க, காவலாளி அவர்களுடைய செருப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத் திருப்பித் தருவார். நிற்கும் இடமோ கருமணல். மேலே வெறும் வானம். சென்ற ஆண்டு அவ்வரிசையில் பிரகாசியின் தங்கை மயங்கி விழுந்ததில், அவளுடைய இரு உள்ளங்கைகளும் வெந்துபோயின. அங்கே ஒரு தகரக் கூரை வேண்டுமென்று பிரகாசி கொடுத்த மனுவின்மேல் முடிவெடுக்கவே தலைமை அலுவலகத்திலிருந்து கோகுலநாதன் வந்திருந்தார். அவ்விதியை எழுதிக் கையெழுத்திட்டவரும் அவரே.

"வெயில் உண்மையிலேயே அவ்வளவு கடுமையா?" என்று கேட்டார்.

பிரகாசி பதில் சொல்வதற்குள் தொபியாஸ் நாற்காலியை முன்னே இழுத்தார். மனுவுக்குச் சாட்சியாக வந்தவர்; நெடுங்காலமாக மணல் அள்ளும் எந்திரம் ஓட்டுபவர். உள்ளதை மட்டுமே சொல்வதாகக் காலையில்தான் அவளுக்குச் சத்தியம் செய்திருந்தார்.

"கடுமையாவா? இந்த மாசம் நாங்க மீன் பொரிக்கிறதே இல்ல சாரே. கரைவலையை இழுத்துக் கருமணல்ல போட்டா, சாளை பொரிஞ்சே கையில வரும். மசாலாவ வலையிலயே தடவிருவோம்."

"எண்ணெய்?"

"சாளைக்கு எதுக்கு எண்ணெய்? அதுகிட்டயே இருக்கே."

"அண்ணே," என்றாள் பிரகாசி மெதுவாக.

"நீ சும்மா இரி. சாரே, வெளிய நிக்கிற காவக்காரர் காலடியப் பாருங்க. நிழல் உண்டா? மனுசன் நிப்பான், நிழல் நிக்காது. உச்சியில கேண்டீனுக்குள்ள போயிரும்; ரெண்டு மணிக்குத்தான் திரும்பும். எனக்குள்ளது ஒரு நாள் வரவே இல்ல. ஆபீசுல அரைநாள் சம்பளத்தப் பிடிச்சிட்டாங்க."

கோகுலநாதன் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். நிழல் இல்லைதான். அவர் பேனாவைத் திறந்தார். இந்த இடத்தில் தொபியாஸ் நிறுத்தியிருக்க வேண்டும்.

"இது சுகமான காலம் பாத்துக்கிடுங்க. ஆனி பொறந்தா மழை மேல இருந்து விழாது. கடல்ல இருந்து படுத்துக்கிட்டே வரும். முன்வாசல்ல நுழைஞ்சு பின்வாசல்ல போகும். ஒரு வருசம் போற போக்குல எங்க மாமனாரக் கட்டிலோட தூக்கிட்டுப் போயி தூத்துக்குடியில இறக்கிட்டு. அங்கயே வேலையில சேந்து, பென்சனும் வாங்கிட்டாரு."

"ஊருக்கு வரவே இல்லையா?"

"காத்து திரும்பணும்லா? ஆடிக்காத்து இன்னும் மோசம். நம்ம மணல்மேட்டையே அள்ளிக்கிட்டுப் போச்சு. ஆபீசுல இருந்து காத்துக்கு மெமோ குடுத்தாங்க. அது செருப்பு போடாது, எதத் தட்டிப் பாக்க? கேசு நிக்கல."

கோகுலநாதன் தலையசைத்தார். "அப்படிப்பட்ட வெயிலில் தகரம் உருகிவிடும். உருகாமல் இருந்தால் அந்தக் காற்றில் தூத்துக்குடிக்குப் போய்விடும். கூரை வீண்செலவு." அதையே மனுவில் எழுதி, பிரகாசியின் கையில் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்.

பிரகாசி தொபியாஸைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். இருவரும் அதிகாரியின் பின்னே வாசல்வரை நடந்தார்கள்.

வாசலில் காவலாளி அருமைநாயகம் கையை நீட்டினார். "சார், ஷூ."

"நான் யார் என்று தெரியுமா?"

"தெரியும் சார். எவருக்கும் விலக்கு இல்லைன்னு நீங்கதான எழுதிருக்கீங்க." அவ்வாசகம் அவருக்குப் பின்னாலேயே பலகையில் இருந்தது.

ஷூ கழன்றது, காலுறையும் கழன்றது. அருமைநாயகம் வலது ஷூவைக் கவிழ்த்துத் தட்டினார், நாடாத் துளைகளை ஊதிப் பார்த்தார், மறுபடியும் தட்டினார். கோகுலநாதன் வலக்காலில் நின்றார், இடக்காலில் நின்றார், பிறகு எந்தக் காலிலும் நிற்கவில்லை.

தொபியாஸ் வானத்தை நிதானமாக அண்ணாந்து பார்த்தார்.

"இன்னைக்குக் கொஞ்சம் குளிர்ச்சிதான் சாரே," என்றார்.

இடது ஷூவைத் தட்டி முடிப்பதற்குள், அதே மனுவைத் திரும்ப வாங்கி, தொபியாஸின் முதுகின்மேல் வைத்தே கூரைக்கு அனுமதி எழுதிக் கொடுத்தார் கோகுலநாதன்.

கூரைக்கான பணத்தைத் தலைமை அலுவலகம் ஆனி மழையும் ஆடிக்காற்றும் ஓய்ந்தபின், ஆவணியில்தான் கொடுத்தது. அன்று அதிகாரியின் கால்களுக்குத் தடவிய தேங்காயெண்ணெயின் விலையைக் கேண்டீனில் பிரகாசி அப்போதே கொடுத்துவிட்டாள். சித்திரைச் சம்பளத்தன்று தொபியாஸ் அதை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்: அதிகாரியின் காலில் பட்டதும் கொதித்த எண்ணெயில் இரண்டு சாளையைப் பொரித்துத் தின்றது அவர்தானாம்.