முழக்கனும் நூறு கொண்டைகளும்

முழக்கன் என்ற சேவலுக்குத் தன் கொண்டைமேல் அப்படியொரு காதல். விடியற்காலையில் கூவி முடித்ததும் நேரே குளத்துக்குப் போகும். தண்ணீரில் தன் தலையைப் பார்க்கும். இடப்பக்கம் திருப்பும், வலப்பக்கம் திருப்பும். "இந்தக் கொண்டை மட்டும் இல்லேன்னா சூரியன் எதைப் பார்த்து எழுந்திருக்கும்?" என்று கேட்டுவிட்டுத்தான் இரை பொறுக்கப் போகும்.

குளத்தை ஒட்டிய ஒரு வீட்டுத் தோட்டம்தான் அதன் ராஜ்யம். அந்த வீட்டுக்கார அம்மா செடி வளர்க்கும் விதமே தனி. எதையும் விதைக்க மாட்டாள். பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியோடு வீசி ஊற்றுவாள், அவ்வளவுதான். காசித்தும்பையும் வாடாமல்லியும் தாமாகவே முளைக்கும், பூக்கும், விதையைக் கொட்டிவிட்டு ஒரே பருவத்தில் காய்ந்து போகும். அடுத்த மழைக்கு மறுபடி தலைநீட்டும்.

அந்த வருஷம் அவற்றின் நடுவே ஒரே ஒரு கோழிக்கொண்டைச் செடி முளைத்திருந்தது. இடுப்புயரம் வளர்ந்து, உச்சியில் ரத்தச் சிவப்பாக, மடிப்பு மடிப்பாக ஒரு பூ பூத்தது.

"அடேயப்பா, என்ன கொண்டை! என்ன சிவப்பு! பட்டுத்துணியை மடிச்சு வச்ச மாதிரி!" என்றது புள்ளிக்கோழி.

முழக்கன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. "சும்மா இரும்மா, கூச்சமா இருக்கு!"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பூவை மறைக்கிறீங்க!"

முழக்கன் திரும்பிப் பார்த்தது. வயிறு எரிந்தது. தன் கொண்டையைவிட நான்கு மடங்கு பெரிய கொண்டை! அதுவும் தன் தலைக்கு மேலே!

"யாருடா நீ? யாரைக் கேட்டு என் கொண்டையை வச்சிருக்கே?"

பூ பேசவில்லை.

"நீ சேவல்னா ஒரு தடவை கூவிக் காட்டு!"

பூ கூவவில்லை. முழக்கன் ஒன்பது தடவை கூவிக் காட்டியது. பூ அசையவே இல்லை.

கொய்யா மரத்திலிருந்து அணில் எட்டிப் பார்த்தது. "அண்ணே, அது பூ. பூ எப்படிப் பேசும்?"

"பேசாதா? அவ்வளவு திமிரா!" என்று முழக்கன் கத்தியது.

பங்குனி வெயிலில் செடி காய ஆரம்பித்தது. இன்னும் பத்து நாள் பொறுத்திருந்தால் அதுவே சாய்ந்திருக்கும். முழக்கனுக்கா பொறுமை! எகிறிக் குதித்து, ஒரே கொத்தில் பூவின் தலையைப் பறித்தது. அதை அலகில் கவ்விக்கொண்டு தோட்டத்தை மூன்று சுற்று சுற்றி வந்தது. ஒவ்வொரு கோழியின் முன்னாலும் நின்று ஆட்டு ஆட்டென்று ஆட்டியது.

"அண்ணே, கறுப்பா ஏதோ பொடிப் பொடியா கொட்டுதே!" என்றது அணில்.

முழக்கன் பூவைக் கீழே போட்டது. "எதிரியோட கண்ணீர்டா அது! நல்லாக் கொட்டட்டும்!"

பிறகு அந்த இடம் முழுவதும் காலால் கிளறிக் கிளறி வெற்றிக் கூத்தாடியது. "இது இனிமேல் என்னோட வெற்றித் திடல். ஒரு கோழியும் இங்கே கிளறக் கூடாது, கொத்தக் கூடாது!" என்று உத்தரவும் போட்டது. அணில் வாலால் வாயைப் பொத்திக்கொண்டது.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். முழக்கனின் வினை முளைத்தது.

சித்திரையில் ஒரு கோடை மழை. திடல் முழுக்கச் செந்தண்டோடு குட்டிக் குட்டி நாற்றுகள். "பாத்தியா, என் வெற்றித் திடல்ல கீரை முளைக்குது!" என்று முழக்கன் பெருமையோடு காவல் காத்தது. கிளற வந்த கோழிகளை விரட்டி விரட்டி அடித்தது. ஆனியில் செடிகள் அதன் தலையைத் தாண்டின. ஆடியில் ஒருநாள் காலை பார்த்தால், திடல் முழுவதும் கொண்டை! நூற்றுக்குக் குறையாது. எல்லாம் சிவப்பு, எல்லாம் முழக்கனைவிட உயரம்.

"அண்ணே, நீங்க விதைச்சு, நீங்களே கிளறி, நீங்களே காவல் காத்த தோட்டம்! என்ன விளைச்சல்!" என்றது அணில். கோழிகள் விழுந்து விழுந்து சிரித்தன.

முழக்கனுக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் அது கூவவில்லை. குளத்துப் பக்கமும் போகவில்லை. "நூறு கொண்டைக்கு நடுவுல நூத்தியோராவது கொண்டையா நான் ஏன் இருக்கணும்? என்னை மதிக்கிற ஊரா பாத்துப் போறேன்" என்று சொல்லிவிட்டு, உச்சி வெயிலில் கிளம்பியது.

வேலியைத் தாண்டினால் வெறும் பொட்டல். அங்கே சிவப்பாக இருந்தது முழக்கனின் கொண்டை ஒன்றுதான். மேலே வட்டமடித்துக்கொண்டிருந்த கழுகின் கண்ணில் அது பளிச்சென்று பட்டது.

"ஓடி வாங்க! மேலே கழுகு!" என்று புள்ளிக்கோழி அலறியது.

முழக்கன் அண்ணாந்து பார்த்தது. ஊரும் வேண்டாம், மதிப்பும் வேண்டாம் என்று திரும்பி ஓடியது. முதுகில் இரண்டு இறகைக் கழுகிடம் பறிகொடுத்துவிட்டு, வேறு போக்கிடம் இல்லாமல் கோழிக்கொண்டைச் செடிகளுக்குள் பாய்ந்தது. கழுத்தை நீட்டி, இரண்டு பூக்களுக்கு நடுவே அப்படியே உறைந்து நின்றது.

கழுகு மேலே வந்து பார்த்தது. எங்கு பார்த்தாலும் கொண்டை! ஒன்றின்மேல் பாய்ந்தது. வாய் நிறையப் பூ. "தூ!" இன்னொன்றின்மேல் பாய்ந்தது. "தூ! தூ!"

கழுகுக்கும் மூளை இருந்தது. முழக்கனின் பெருமை அந்தப் பக்கத்து வானமெல்லாம் தெரிந்த விஷயம். அது குரலில் தேன் தடவிக்கொண்டு கேட்டது: "சேவல் ராஜா! உலகத்திலேயே அழகான கொண்டை உன்னுடையது என்கிறார்களே! இத்தனையில் எது உன் கொண்டை? ஒரு முறை கூவினால் கண் குளிரப் பார்த்துவிட்டுப் போய்விடுவேன்!"

முழக்கனின் தொண்டை தானாக விரிந்தது.

"அண்ணே, கூவினா குழம்புதான்!" என்று கிசுகிசுத்தது அணில்.

முழக்கன் அலகை இறுக மூடிக்கொண்டது. கழுகு விடவில்லை. "சரி, அதோ அந்த ஓரத்தில் உயரமாக நிற்கிறதே, அதுதான் இருப்பதிலேயே அழகு. மற்றதெல்லாம் வாடிய தக்காளி. உன்னுடையதும் அதில் ஒன்று போலிருக்கிறது!"

வாடிய தக்காளியா! முழக்கனின் கூவல் நெஞ்சுக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது, அலகு வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்துப் பூவைப் பார்த்தது. பூ பேசாமல் நின்றது. முழக்கனும் கண்ணில் நீர் தளும்ப, கூவலை மடக்கென்று விழுங்கியது. பிறந்ததிலிருந்து அது விழுங்கிய முதல் கூவல் அதுதான்.

கழுகு வெகுநேரம் சுற்றிப் பார்த்தது. வாயில் ஒட்டிய பூவைத் துப்பிக்கொண்டே போய்விட்டது.

மார்கழியில் அந்தச் செடிகள் காய்ந்தன. முழக்கன் ஒரு பூவை அலகில் மெதுவாகப் பறித்துக்கொண்டு போனது. தோட்டத்தில் செடி இல்லாத மூலைகளிலெல்லாம் நின்று நின்று ஆட்டியது. கறுப்பு விதை பொடிப் பொடியாகக் கொட்டியது.

"என்ன அண்ணே, எதிரியோட கண்ணீரா?" என்றது அணில்.

முழக்கன் பூவைப் பத்திரமாகக் கீழே வைத்தது. "சத்தம் போடாதேடா! என் அண்ணன் தம்பிங்க தூங்குறாங்க!" என்றது.

நமக்கு இணையாகத் தலைநிமிர்ந்து நிற்பவர்களைச் சாய்க்க நினைக்கக் கூடாது. ஆபத்து வரும் நாளில் அவர்கள் நடுவே நின்றால்தான் நம் தலை தப்பும்.