இரண்டாவது ஸ்லாட்

"ஸ்கிரீன்ல கடை டிஸ்க்னுதான் மேடம் போட்டிருந்துச்சு. அது பொய் சொன்னா நான் என்ன செய்ய?" என்றார் பால்வண்ணன்.

பூமயில் திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

குரு பூமயிலுக்கு வயது முப்பத்தொன்று. சிஷ்யர் பால்வண்ணனுக்கு நாற்பத்தாறு. கெட்டுப்போன டிஸ்கிலிருந்து ஃபைல்களை மீட்டுத் தரும் கடை. அங்கேயே மீட்க வந்த ஒரு டிஸ்கை அழித்தாகிவிட்டது.

"காலையில ரெண்டாவது ஸ்லாட்ல எது இருந்துச்சு அண்ணே?"

"நம்ம கடை டிஸ்க். அதைத்தான் அழிக்க வேண்டியிருந்துச்சு."

"அப்புறம்?"

"அதை மூணாவதுக்கு மாத்திட்டு, முன்னறையில உக்காந்திருக்கிற அந்தப் பொண்ணு ஷமீலாவோடதை ரெண்டாவதுல சொருகினேன்."

"மாத்தினதைக் கம்ப்யூட்டர் பார்த்துச்சா?"

"தானா பார்த்துக்கும்னு நெனச்சேன்."

பூமயில் ஒரு பட்டனை அழுத்தினார். பட்டியல் ஒருமுறை மறைந்து, திரும்ப வந்தது.

இரண்டாவது ஸ்லாட்: ஷமீலாவின் டிஸ்க். காலி.

"பொய் சொல்லலை அண்ணே. காலையில பார்த்ததையே சொல்லிட்டு இருந்துச்சு. மறுபடி பாருன்னு யாரும் சொல்லலை."

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எதை அழிப்பதானாலும் முதலில் டிஸ்கைக் கையில் எடுக்கணும். மேலே ஒட்டியிருக்கும் எண்ணைச் சத்தமாக வாசிக்கணும். திரையிலும் அதே எண் இருக்கா என்று பார்க்கணும். ஒரு நிமிடம் முன்னால் கழற்றிய டிஸ்க் என்றாலும் விடக்கூடாது.

பால்வண்ணன் அதற்கு 'பஜனை' என்று பேர் வைத்திருந்தார்.

இன்று பஜனை பாடவில்லை. அவசரமாம். என்ன அவசரம் என்று இப்போது கேட்டால் அவருக்கே தெரியாது.

"மீட்டுரலாம்ல மேடம்? நாம மீட்காததா?"

"பழசு மேல முழுக்க பூஜ்யமா எழுதிருச்சு. மீட்க உள்ள ஒண்ணும் இல்ல."

ஷமீலாவின் கணவர் கப்பலில் வேலை பார்த்தவர். மகளுக்குக் கதை சொல்லி, பதிவு செய்து அனுப்புவார். அறுபத்திரண்டு கதைகள். போன வருடம் இறந்துவிட்டார். கதைகள் அந்த டிஸ்கில் மட்டும்தான் இருந்தன. அது திறக்கவில்லை என்றுதான் ஷமீலா கொண்டுவந்தாள்.

முன்னறையிலிருந்து அவள் குரல் கேட்டது. மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். புது ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வந்திருந்தாள்.

"கையை எடுடி, பட்டனை ஒடச்சிராத. வாப்பா இதுலதான் பேசப் போறாங்க."

"எந்தக் கதைம்மா முதல்ல?"

"நீ சொல்றதுதான்."

பால்வண்ணன் காதைப் பொத்திக்கொண்டார்.

"ரெண்டு நாள் கழிச்சு வரச் சொல்லட்டுமா மேடம்? அதுக்குள்ள ஏதாவது..."

"ஏதாவது?"

பால்வண்ணன் காதிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப நீங்க சொல்லிருங்களேன். உங்களுக்குப் பக்குவமா பேச வரும்."

"நானும் ஒரு தடவை இப்படி ஒருத்தர்கிட்ட சொல்லியிருக்கேன் அண்ணே. அதுக்கப்புறம்தான் பஜனை."

பால்வண்ணன் முதல்முறையாக அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தார்.

பூமயில் கதவைக் காட்டினார்.

"அங்க ரெண்டு பேரு, காலையில இருந்ததையே இன்னும் நம்பிட்டு உக்காந்திருக்காங்க."

பால்வண்ணன் எழுந்தார். இரண்டாவது ஸ்லாட்டிலிருந்து டிஸ்கைக் கழற்றிக் கையில் எடுத்தார். எண்ணைச் சத்தமாக வாசித்தார். ஓர் இலக்கம்கூட விடவில்லை.

பிறகு கதவைத் திறந்தார்.