மானேஜர் கையில் ஆரத்தித் தட்டு

ஈரோட்டுப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. சாயத்தொட்டியின் சூட்டைப் பார்த்து நீராவியைக் கூட்டிக் குறைக்க அங்கே ஒரு கருவி உண்டு. அதில் மூன்று திருகுகள். அவற்றைக் கண்டால் மானேஜர் தாண்டவமூர்த்திக்குக் கை சும்மா இருக்காது. சூடு இறங்கினால் ஒன்றைத் திருகுவார். அது வேலைசெய்யும் முன்பே அடுத்ததையும் திருகுவார். சூடு எகிறியதும் பதறிப்போய் எல்லாவற்றையும் திருப்புவார். சூடு காட்டும் முள் சாமி வந்த மாதிரி ஆடும். துணி திட்டுத்திட்டாக வரும்.

பழியோ, தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் மயிலாத்தாள் தலையில்.

"மத்தியானம் முதலாளி வர்றாரு. அதுக்குள்ள முள்ளு ஆடாம நிக்கணும். இல்லேன்னா நீ வீட்டுக்குக் கிளம்பு" என்றார் மானேஜர்.

"நிறுத்திப்போடலாமுங்க. கருவிக்குக் கண்ணு பட்டிருக்குதுங்க. உங்களாட்டம் பெரிய மனுசரு ஆரத்தித் தட்டை ரெண்டு கையிலயும் ஏந்தி நிக்கோணும். முதலாளி வர்ற வரைக்கும் கீழ வெக்கக் கூடாதுங்க."

பெரிய மனுசர் என்றதும் அவர் குளிர்ந்துபோனார். தட்டோடு நின்றார். கருவியைப் பூட்டிய இன்ஜினியர் போட்டுவிட்டுப் போன குறிக்கே மயிலாத்தாள் திருகுகளைத் திருப்பி வைத்தாள். நடுவில் சூடு கொஞ்சம் இறங்கியது. மானேஜருக்கு விரல் துடித்தது, தட்டு விடவில்லை. முள் தானாகவே ஏறிவந்து அசையாமல் நின்றது.

முதலாளி வந்து பார்த்தார். "கருவியை என்ன பண்ணுனே, மயிலாத்தா?"

"அதைப் பழைய குறிக்கே வெச்சதோட சரிங்க. மானேஜர் கைக்குத்தான் ஒரு வேலை குடுத்தேனுங்க."

முதலாளி முள்ளையும் பார்த்தார், மச்சினனான மானேஜரையும் பார்த்தார்.

"தட்டுல இன்னுங் கொஞ்சம் கற்பூரம் போடும்மா. சாயங்காலம் வரைக்கும் துணி ஓடுதில்ல."