ஆவாரஞ்செடியில் வண்டு

அரிசி மில்லை மகன்கள் கையில் விட்டுவிட்டு, மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தவர் தில்லைநாயகம். அங்கே குருவாக இருந்த அமுதாம்பிகை அம்மையார் அவரைவிட வயதில் சிறியவர். அதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. தமக்குக் காவி வாங்கும் தகுதி வந்துவிட்டதா என்பதுதான் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் கேட்டே விட்டார்.

"பற்று விட்டுப்போச்சுன்னு எப்படிம்மா தெரியும்?"

பின்பக்கச் சரிவில் ஆவாரம் பூத்துக் கிடப்பதாகவும், அதில் வண்டு மேய்வதாகவும் அம்மையார் சொன்னார். போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, பார்த்ததைச் சொல்லச் சொன்னார்.

சாயங்காலம் நனைந்த வேட்டியோடு வந்து எதிரில் உட்கார்ந்தார் தில்லைநாயகம். மனசு லேசாக இருந்தது.

கறுப்பு வண்டு, முதுகில் மஞ்சள் பட்டை என்று ஆரம்பித்தார். தேனுக்காக வரவில்லையாம். இதழையே ஓரத்திலிருந்து கடித்துத் தின்றதாம். இன்னொரு வண்டு மேலே ஏறி மிதித்தபோதும் தின்பதை விடவில்லையாம்.

பிறகு கொஞ்சம் தயங்கினார். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"நடுவுல என் தங்கச்சி பூரணம் வந்தா. முழங்கால் வலியோட பஸ் பிடிச்சு வந்திருக்கா. பக்கத்துல நின்னு ரெண்டு மூணு தடவை 'அண்ணே'ன்னு கூப்பிட்டா. நான் வண்டை விட்டுத் தலையைத் தூக்கலை. மனசு கொஞ்சங்கூட அசையலைம்மா."

"என்ன விஷயமா வந்தாங்களாம்?"

"கேக்கலைம்மா."

அம்மையார் தலையை ஆட்டிக்கொண்டார். காவியைப் பற்றி இப்போது சொல்வார் என்று தில்லைநாயகம் எதிர்பார்த்தார். அவரோ வண்டைப் பற்றித்தான் கேட்டார்.

"மழை பிடிச்சுக்கிச்சே, அப்ப வண்டு என்ன செஞ்சுது?"

அதை அவர் கண் கொட்டாமல் பார்த்திருந்தார். முதல் தூறல் விழுந்ததுமே தின்பதை விட்டுவிட்டுக் காம்பு வழியாக இறங்கியது. இலை இலையாகத் தேடி, அகலமான ஒன்றின் அடியில் போய் ஒண்டிக்கொண்டது. மழை வலுத்த பிறகும் ஒரு பொட்டுத் தண்ணீர் அதன் மேல் விழவில்லை. எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார்.

அம்மையார் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"உங்க தங்கச்சி?"